தட்டிப் பார்ப்பதும் மீட்டிப் பார்ப்பதும்

(வணிகர்களுக்கான பயிற்சிப் பாடம்)

பலசரக்குக் கடைக்காரருக்குக் கிதார் தந்தியில் என்ன வேலை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மிளகும் சீரகமும் நிறுக்கிற கைக்கும் வாத்தியத்துக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் நம் கொங்கு நாட்டு வணிகருக்குக் காதால் சரக்குப் பார்க்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. அந்தப் பழக்கத்தை இன்னும் கொஞ்சம் செம்மைப்படுத்திக்கொள்ள ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. அதற்குத் தந்தியைவிடப் பொருத்தமான பொருள் நமக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கடைசியில் வாசகர்களே ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

காது என்ற தராசு

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அனுபவப்பட்ட வியாபாரி மாதிரி பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு விரலியை எடுப்பார், நிறம் பார்ப்பார், பிறகு ஒடிப்பார். ஒடியும்போது உலோகம் போல 'டக்' என்று ஓசை வந்தால் சரக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று பொருள். ஓசை இல்லாமல் வளைந்து முறிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூட்டை கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சளைக்கூட முதலில் காதுதான் எடை போடுகிறது.

பொள்ளாச்சித் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். நிலக்கடலையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு 'கிலுகிலு' என்று பேச வேண்டும். குண்டு மிளகாயிலும் விதை ஆடும் சத்தம் கேட்க வேண்டும். மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வெள்ளி ரூபாய் புழக்கத்தில் இருந்த காலத்தில் கல்லாவில் உட்கார்ந்த நம் முன்னோர் அதையும் சுண்டித்தான் வாங்கினார்கள்.

இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றே. காய்ந்து இறுகிய பொருள் அதிரும். ஈரமும் விரிசலும் அந்த அதிர்வைத் தின்றுவிடும். தந்திக்கும் இதே விதிதான். புதுத் தந்தி கணீரென்று ஒலிக்கும். விரலின் வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய தந்தி கம்மிப்போகும். சரக்கு மாறினாலும் சட்டம் மாறவில்லை.

நாம் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் கடையில் பலசரக்கோடு நோட்டுப் புத்தகம், பேனா, பேன்சி சாமான் என்று ஒரு ஓரம் இருந்தது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதிகம். கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று தந்தியும் வாங்கி வைத்தோம். ஒரு நாள் ஒரு பையன் வந்து ஆறு தந்தி கொண்ட ஒரு செட் கேட்டான். கிளாசிக்கல் கிதாருக்கு வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னான். அந்த நைலான் தந்தி கையிருப்பில் இல்லை. எஃகுத் தந்தி இருந்தது. "எல்லாம் ஒன்றுதான் தம்பி, இது இன்னும் கணீர்னு கேட்கும்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினோம்.

ஒன்றரை மாதம் கழித்து அவனுடைய அப்பா கிதாரையே தூக்கிக்கொண்டு வந்தார். தந்தி கட்டியிருக்கும் குதிரை பலகையை விட்டுப் பெயர்ந்து நின்றது. அவர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க, நீங்க சொன்னதை நம்பித்தானுங்க மாட்டுனோம்" என்றார். அவ்வளவுதான். பழுது பார்க்கும் செலவை நாம் கொடுத்தோம். அவரும் வாங்கிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு அவர் வீட்டு மளிகைச் சீட்டு நம் கடைக்கு வரவில்லை.

நடந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். கிளாசிக்கல் கிதாரில் நைலான் தந்தி ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. சாதாரண எஃகுத் தந்தி செட் இழுப்பது 70 கிலோவுக்கு மேல். மெல்லிய பலகையில் ஒட்டிய குதிரை அந்த இழுப்பைத் தாங்காது. ஐம்பது கிலோ சாக்கில் தொண்ணூறு கிலோ அடைத்தால் தையல் விடுவது போலத்தான். "எல்லாம் ஒன்றுதான்" என்ற நம் சொல்லுக்கு இருந்த விலை அது.

தந்தி நமக்குப் புதிதல்ல

கிதார் நம் ஊருக்குப் பிந்தி வந்த கருவி. தந்தி அப்படியல்ல. யாழின் தந்தியை நம் பழைய நூல்கள் 'நரம்பு' என்றே சொல்கின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. அதில் வாசிப்புத் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழு. தம்புராவில் நான்கு தந்தி. மூன்று எஃகு, கீழ் ஷட்ஜத்துக்கு மட்டும் பித்தளை. எஃகு இருக்கும்போது பித்தளை எதற்கு? பித்தளைக்கு எடை அதிகம். எடை கூடிய தந்தி மெதுவாக அதிரும்; மந்தர ஸ்வரம் எளிதாக வரும். நம் வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு தந்திக்கும் அதன் வேலைக்கு ஏற்ற உலோகத்தைத் தேர்ந்தார்கள்.

கிதாரிலும் இதே ஏற்பாடுதான். தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுப்பு, எடை. நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரட்டிக்கும். இழுப்பை நான்கு மடங்காக்கினாலும் இரட்டிக்கும். எடையை நான்கு மடங்காக்கினால் சுருதி பாதியாகும். கிளாசிக்கல் கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் பொதுவாக 65 செ.மீ. முதல் தந்தி வினாடிக்குச் சுமார் 330 முறை அதிர்கிறது. ஆறாம் தந்தி சுமார் 82 முறை. அதாவது கால் பங்கு. நீளமும் இழுப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் ஆறாம் தந்தி பதினாறு மடங்கு எடை கொண்டிருக்க வேண்டும். வெறும் நைலானில் அதைச் செய்தால் முக்கால் மில்லிமீட்டர் தந்தி மூன்று மில்லிமீட்டர் கயிறாகிவிடும். மீட்டினால் 'பொத்' என்றுதான் கேட்கும். ஆகவே மெல்லிய நைலான் இழைக் கற்றையின் மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். எடை கூடுகிறது, விறைப்பு கூடுவதில்லை. கிளாசிக்கல் செட்டில் மூன்று தந்தி வெறுமையாகவும் மூன்று தந்தி சுற்றியும் இருப்பதன் காரணம் இதுவே.

குடல், நைலான், கார்பன்

1940களுக்கு முன் கிளாசிக்கல் கிதாரின் மெல்லிய தந்திகள் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்யப்பட்டவை. அவற்றின் நாதம் இதமானது. ஆனால் ஈரக் காற்றில் சுருதி நிற்காது, அடிக்கடி அறும். இரண்டாம் உலகப் போரின்போது குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் வாத்தியத்துக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நைலான் அப்போது புதிய பொருள். நியூயார்க்கில் கிதார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் அதைத் தந்தியாக்கினார். ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை ஆந்திரே செகோவியா அதை ஏற்று வாசித்தார். அதன் பிறகு குடல் தந்தி மெல்ல விலகியது. பழைய சரக்கு கிடைக்காத நேரத்தில் வந்த மாற்றுச் சரக்கு தன் தகுதியால் சந்தையையே பிடித்துக்கொண்ட கதை இது. இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார் என்பதைப் பலரும் அறிவர். அந்தக் கருவி அவரிடம் வந்த காலத்தில் நைலானே வழக்கமாகியிருந்தது.

இன்று கடையில் 'கார்பன்' என்றொரு ரகமும் கிடைக்கிறது. பெயரைப் பார்த்துக் கரி என்று நினைக்க வேண்டாம். இது மீன்பிடி நரம்புக்கும் பயன்படும் ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக். நைலானைவிட அடர்த்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகையால் அதே எடையை மெல்லிய தந்தியிலேயே கொண்டுவரலாம். கனம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மெல்லிய தந்திக்கு விறைப்பு குறைவு. மேல் ஸ்வரக் கூறுகள் தெளிவாக வரும். 'டைட்டானியம்' என்று அட்டையில் போட்ட ரகமும் உண்டு. அதுவும் உலோகத் தந்தி அல்ல. அட்டையில் இருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் பொருள் வேறு என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எது எப்படி ஒலிக்கும்?

வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

நைலான்: உருண்ட, மென்மையான நாதம். விரலுக்கு இதம். விலையும் பொதுவாகக் குறைவு. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் போதுமானது. மூன்றாம் தந்தி கனமாக இருப்பதால் மற்ற இரண்டையும்விடச் சற்று மந்தமாகக் கேட்கும். இது நைலானின் இயல்பான குறை.

கார்பன்: துலக்கமான, கூர்மையான நாதம். மூன்றாம் தந்தியின் மந்தம் இதில் பெருமளவு தீரும். ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் ஏற்கெனவே கீச்சென்று ஒலிக்கும் கிதாரில் இதை மாட்டினால் காது கூசும். சிலர் முதல் இரண்டுக்கு நைலானும் மூன்றாவதுக்குக் கார்பனும் மாட்டுவதுண்டு.

சுற்றுத் தந்திகள்: வெள்ளி முலாம் பூசியது கனிவாகவும், வெண்கலக் கம்பி சுற்றியது சற்றுப் பளிச்சென்றும் இருக்கும். முதலில் தேய்வது இவைதான். மெட்டின் மேல் படும் இடத்தில் சுற்றுக் கம்பி தட்டையாகிவிடும், வியர்வையில் கறுக்கும். மேல் மூன்று நன்றாக இருக்கும்போதே கீழ் மூன்றும் கம்மிப்போகும்.

இழுப்பு: அட்டையில் 'நார்மல்', 'ஹார்டு' என்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில சதவீதமே. ஹார்டு கொஞ்சம் உரக்கப் பேசும். சின்ன விரலுக்கு அழுத்தக் கடினம். பத்து வயதுப் பிள்ளைக்கு நார்மலே சரி.

ஒப்பிடும் முறை

இங்கேதான் நம் பாடத்தின் நடு இருக்கிறது. இரண்டு ரகத் தந்தியை வைத்துக்கொண்டு எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது எளிதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலோர் அதைத் தவறாகச் செய்கிறார்கள். தவறு ஒன்றேதான்: ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

ஆறு மாதம் பழகிய தந்தியைக் கழற்றிப் புது ரகத்தை மாட்டியவர், "அடடா, இந்தக் கம்பெனித் தந்தி எவ்வளவு பிரமாதம்!" என்கிறார். அவர் கேட்டது கம்பெனி வித்தியாசம் அல்ல, புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம். பழைய கம்பெனியின் புதுத் தந்தியை மாட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நம் தொழிலில் இதற்கு நேரான உதாரணம் உண்டு. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவு தண்ணீர் வைத்துப் பொங்கிப் பார்த்துவிட்டு, "புது அரிசி குழைகிறது, மட்டம்" என்று சொல்வது. பழைய அரிசி தண்ணீர் அதிகம் குடிக்கும் என்பது தெரிந்தவர் அப்படித் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

தந்தியின் ஒலி தந்தியிடம் மட்டும் இல்லை. சர் சி.வி.ராமன் 1921இல் நம் வீணை, தம்புரா பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அகன்று வளைந்த குதிரையின் மேல் தந்தி படிந்து அதிர்வதால்தான் அவற்றின் நாதத்தில் மேல் ஸ்வரக் கூறுகள் அவ்வளவு செழிப்பாக இருக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் நூலிழையை 'ஜீவா' என்கிறோம். அதை எடுத்துவிட்டால் அதே தந்தி, அதே சுருதி. நாதம் மட்டும் உயிரிழந்துவிடும். ஒரு நூலிழைக்கு அவ்வளவு வலிமை என்றால் கருவி, விரல், நகம், மீட்டும் இடம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் தந்திக்கு மார்க் போட முடியுமா? கிதாரில் குதிரை அருகே மீட்டினால் ஒலி கூர்மையாகும், ஒலித்துளைக்கு அருகே மீட்டினால் கனியும். இரண்டு ரகத் தந்திக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட இது பெரிதாகவும் இருக்கலாம்.

எனவே ஒழுங்காக ஒப்பிட விரும்புகிறவர் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. கிதார் ஒன்றே. வாசிப்பவர் ஒருவரே. மீட்டும் இடமும் ஒன்றே. மாறுவது தந்தி மட்டும்.

2. இரண்டு செட்டும் புதியதாக இருக்கட்டும். நைலான் மாட்டிய முதல் சில நாள் நீண்டுகொண்டே போகும், சுருதி இறங்கும். நான்கைந்து நாள் படிய விட்டு, பிறகு கேட்க வேண்டும். இரண்டுக்கும் அதே நாள் கணக்கு.

3. சுருதியைக் கருவியால் சரிபார்க்கவும். கைபேசியிலேயே அதற்கான செயலி கிடைக்கிறது. சற்றே ஏறிய சுருதி காதுக்குப் பளிச்சென்று கேட்டு ஏமாற்றும்.

4. ஒலியின் நுட்பம் நினைவில் வெகுநேரம் நிற்பதில்லை. இன்று கேட்டதை அடுத்த வாரம் கேட்பதோடு ஒப்பிடுவது ஊகமே. ஒரே இடத்தில் கைபேசியை வைத்து இரண்டையும் பதிவு செய்துகொண்டு, அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கவும்.

5. எது எந்த ரகம் என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. விலை தெரிந்தால் காது விலையைத்தான் கேட்கும்.

6. கேட்க வேண்டியவை: துலக்கம், கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆறு தந்திக்கும் இடையே சமநிலை, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் சரியாக மேல் ஸ்தாயி வருகிறதா என்பது. கனம் சீராக இல்லாத தந்தி இந்தக் கடைசிச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். இது ருசி சம்பந்தப்பட்டதல்ல, சரக்கின் குறை. அப்படிப்பட்டதைத் தயங்காமல் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோவையில் இருப்பவர் இன்னொன்றையும் கவனிக்கலாம். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். கோடையின் வறண்ட நாளில் கேட்ட நைலானையும் ஐப்பசி அடைமழையில் கேட்ட கார்பனையும் ஒப்பிட்டால் நடுவில் பருவமும் புகுந்துவிடுகிறது. மஞ்சளையும் கொப்பரையையும் பருவம் பார்த்துக் கொள்முதல் செய்யும் நமக்கு இது புரியாததல்ல.

இதில் நமக்கு என்ன?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைப்பதுதான் வணிகருக்குத் தீர விசாரிக்கும் வழி. ரங்கே கவுடர் வீதியில் இரண்டு துவரம்பருப்பு மாதிரி வந்தால் ஒரே அடுப்பில், ஒரே தண்ணீரில், ஒரே நேரம் வேகவைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணெயை ஒப்பிட்டால் செக்கில் ஆட்டிய தேதியையும் கேளுங்கள். போன மாதத்துச் சரக்கை இன்றைய சரக்கோடு மோதவிட்டு ஒரு மண்டிக்காரரின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று, மேல் ரகம் வேறு, பொருத்தமான ரகம் வேறு. விலை கூடிய கார்பன் எல்லாக் கிதாருக்கும் நல்லதல்ல. விலை கூடிய அரிசி எல்லாச் சமையலுக்கும் நல்லதல்ல. இட்லிக்கு வேண்டியது வேறு, பிரியாணிக்கு வேண்டியது வேறு. "எது நல்லது?" என்று வாடிக்கையாளர் கேட்டால் "எதற்கு?" என்று திருப்பிக் கேட்பதே நல்ல வணிகரின் முதல் பதில்.

இன்று எந்தப் பொருளையும் வீட்டிலிருந்தே வரவழைக்கலாம். விலையில் நாம் பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்ட முடியாது. நம்மிடம் மிஞ்சியிருப்பது நம் வார்த்தை. "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்" என்று நம்பி ஒருவர் படியேறி வருகிறார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால் அந்த நம்பிக்கை ஒரு தடவையில் போய்விடும். "இது உங்க கிதாருக்கு ஆகாதுங்க, அது வந்ததும் சொல்லி அனுப்பறேனுங்க" என்று அன்றைக்கு நாம் சொல்லியிருந்தால் ஒரு செட் தந்தியின் லாபம் போயிருக்கும். ஒரு குடும்பத்தின் மாத மளிகை நின்றிருக்கும்.

அந்தக் கிதாரின் குதிரையைத் திரும்ப ஒட்டிவிட்டார்கள். ஒட்ட முடியாமல் போனது எது என்று கடை நடத்தும் எவருக்கும் தெரியும்.